நாற்பது விநாடிப் பூங்காவனம்

கணேசமூர்த்தி தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் முன்னறையில் சட்டென்று நின்றது. செல்வமலர் ரொட்டி மாவில் கையை அப்படியே வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி. மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் தேயிலை பேக்டரிக் குவாட்டர்ஸை மூடி, ஜன்னலுக்கு வெளியே நின்ற கொய்யா மரத்தைக்கூட விழுங்கிவிட்டிருந்தது. சனிக்கிழமை அரைத்த கொழுந்தின் வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. அந்த மங்கலில் அடுப்பு நெருப்பும், முன்னறையில் டீவியின் பச்சை வெளிச்சமும்தான் வீட்டில் உயிரோடு இருந்தன.

போன ஞாயிறு பன்னிரண்டு எண்ணியதும் உறிஞ்சும் சத்தம் திரும்பி வந்தது. அதற்கு முந்தின ஞாயிறும் பன்னிரண்டுதான். இன்றைக்குப் பன்னிரண்டு தாண்டியது. இருபது. முப்பது. விரல் இடுக்கில் மாவு காய்ந்தது. நாற்பதில்தான் அவர் மூச்சு விட்டார். உடனே வீடியோ டெக் பின்னால் சுற்றும் கிர்ர் சத்தம். மறுபடி அதே இடம். மறுபடி அதே அமைதி.

அவள் கையைக் கழுவாமலே வாசல்படிக்கு வந்தாள்.

கணேசமூர்த்தி கிளாஸை உதட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் முழங்கால் அளவு கறுத்த தண்ணீர். இடுப்பில் விளக்கேற்றிய குடத்தோடு ஏழு பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடந்து வந்தார்கள். மூன்றாவதாக வந்தவள் தலையை லேசாக நிமிர்த்தினாள்.

மூன்றாவது. போன வாரம் அவள் நாலாவதாக அல்லவா வந்தாள்?

"புதுக் கசட்டுங்களா?"

"கொஞ்சம் தள்ளி நில்லு புள்ள. மறைக்குது."

அவள் தள்ளி நின்றாள்.

படத்தின் பெயர் 'கருநீர்க் கோட்டை'. ஏரிக்கு அடியில் கோட்டை கட்டி வாழும் மாயாவி ஒருவன். வருசத்துக்கு ஒரு தரம் ஏழு பெண்கள் விளக்கோடு தண்ணீருக்குள் நடந்து அவனிடம் போக வேண்டும். எண்பத்தெட்டில் படம் பிடிக்க இறம்பொடைக்கு வந்தவர்கள், அந்த ஏழு பேரையும் அங்கேயே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து, பொறுக்கி எடுத்தார்கள். அதில் ஒருத்தி பூங்காவனம். கணேசமூர்த்தியின் முதல் சம்சாரம்.

தொண்ணூற்று மூன்று மழையில் மண் சரிந்து லயத்தின் பாதியை அள்ளிக்கொண்டு போனது. அவர் அன்றைக்கு பேக்டரியில் வேலையில் இருந்தார். பூங்காவனம் வீட்டில் இருந்தாள். கல்யாணப் போட்டோ, அடையாள அட்டை, கூறைச் சீலை எல்லாம் அவளோடு போயின. ஒன்பது நாள் தோண்டியும் உடம்பு கிடைக்கவில்லை. அவள் முகம் மிஞ்சியது அந்தப் படத்தில் மட்டும்தான்.

அதுவும் எல்லாப் பிரதியிலும் மிஞ்சவில்லை. ஹட்டனில் ஒரு தியேட்டரில், தோட்டத்து ஜனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று படத்தில் அரை மணி நேரத்தைக் கத்தரித்துத்தான் ஓட்டினார்கள். மூன்று தரம் போனவர், மூன்று தரமும் அவளைப் பார்க்காமல் திரும்பினார். தலவாக்கலை ரிஸ்வி நானா வீடியோக் கடையில் அகப்பட்ட கசட்டில் மூன்று விநாடி வந்தாள். பிறகு நானா தேடிக் கொடுத்த இந்தியப் பிரதியில் பன்னிரண்டு விநாடி.

இப்போது நாற்பது.

செத்தவளோடு என்ன போட்டி என்றுதான் இந்த வீட்டுக்கு வந்த நாளில் செல்வமலர் நினைத்தாள். இரண்டு வருசத்தில் புத்தி வந்தது. செத்தவளுக்கு வயசாகாது. கூடைக் கயிறு அவள் உச்சந்தலையைத் தேய்க்காது. அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு அவள் புருசன் முன்னால் நிற்க மாட்டாள். கணேசமூர்த்தி நல்ல மனுசன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், காய்ச்சல் என்றால் கசாயம் வைத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, இவளைப் பார்த்து மூச்சை நிறுத்தியதில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

*

திங்கட்கிழமை மலையில் கூடக் கொழுந்து கிள்ளும் ரஜனி வாயைக் கிளறினாள்.

"என்னா மலரு, ஒன் சக்களத்தி சௌக்கியமா இருக்காளா?"

"ஒனக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. சோறு கேக்க மாட்டா, சீலை கேக்க மாட்டா."

"புருசன மட்டும் கேப்பா."

சுற்றிலும் சிரிப்பு. செல்வமலரும் சிரித்தாள். கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளிவிட்டு, அதைக் கீழே எறிந்தாள்.

அன்றைக்கு ஒருத்தி வேலைக்கு வரவில்லை. அவளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்த தேயிலை வரிசை, அவளுடைய நிரை, நடுவில் கிள்ளாமல் கிடந்தது. அழகுமுத்து கங்காணி மேல் ரோட்டிலிருந்து சத்தம் போட்டார்.

"நெர காலியா கெடக்கக் கூடாது. பக்கத்துல நிக்கிறவ எறங்கிப் புடி. ஏய் மலரு, ஒன்னத்தான்."

முப்பது வருசமாக அவர் சொல்லும் ஒரே வேதம் அது. அவள் இறங்கிப் பிடித்தாள். இடுப்பளவு தேயிலைக்குள், பனிமூட்டத்தில், முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. ஏனோ எண்ணிப் பார்த்தாள். ஆறு பேர்.

*

புதன்கிழமை அரை நாளோடு மலையிறங்கி, தலவாக்கலைக்கு பஸ் ஏறினாள்.

ரிஸ்வி நானா கவுண்டரில் குனிந்து, ஒரு பழைய கசட்டின் முதுகில் இருந்த சின்ன ஓட்டையை செலோடேப்பால் மூடிக்கொண்டிருந்தார்.

"மகனுக்கு மெட்ச் பதியணுமாம். இந்தப் பிளாஸ்டிக் பல்ல ஒடச்சிட்டா மேல ஒண்ணும் பதிய ஏலாது. ஓட்டைய ஒட்டிட்டா பதியலாம். என்ன தங்கச்சி, நீங்க தனியா வந்தீக்கி?"

"இனிமே அவருக்கு அந்தப் படத்துல புதுக் கசட்டு குடுக்காதீங்க நானா. ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

நானா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்க குடுத்த? தைப்பொங்கலுக்கு இந்தியாக் கொப்பி குடுத்தது. அதோட சரி. வெளிநாட்டுக்கு அனுப்பின பெரிய படம் ஒண்டு ஈக்கிதெண்டு செல்லுறாங்க. எங்கட கைக்கு அது வரவேயில்ல."

"இப்ப வூட்ல ஓடுறது நாப்பது விநாடி நானா."

"அந்தக் காட்சியா? பன்னெண்டுதான் தங்கச்சி. நானே எண்ணிப் பாத்துத்தான் அவருக்குக் குடுத்தேன். பாவம், அந்த மனுசன் இந்தக் கடையிலதான் நிண்டு அழுதார்."

அவள் செலோடேப் ஒரு சுருள் வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். பயம்தான். அதே கசட், அதே டெக், எங்கிருந்து வந்தது இந்த இருபத்தெட்டு விநாடி? ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று கொதித்தது. நின்று அழுதாராமே. என் முன்னால் ஒரு நாளாவது அழுதாரா?

*

வியாழக்கிழமை மலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டாள். அவர் பேக்டரிக்குப் போனார். பதினொரு மணிக்கெல்லாம் பனிமூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது.

கசட்டின் பல் ஒடிந்திருந்தது. அவளைப் பத்திரப்படுத்த அவரே ஒடித்திருப்பார். ஓட்டையின் மேல் செலோடேப்பை ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்த்தாள். கசட்டை உள்ளே தள்ளினாள். டெக் அதை விழுங்கியது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு தரம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

கறுத்த தண்ணீர். குடங்களின் வெளிச்சம். காலால் தண்ணீரை அளையும் சளக், சளக் சத்தம். அவர் இல்லாத வீட்டில் அந்தச் சத்தம் டீவியிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. அடுப்படிப் பக்கத்திலிருந்து வந்தது. கூடவே ஒரு வாசனை. மழைக்குப் பிறகு வெட்டிய செம்மண்ணின் வாசனை.

பூங்காவனம் இன்றைக்கு முதல் ஆளாக வந்தாள்.

இவ்வளவு பக்கத்தில் செல்வமலர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அழகிதான். அதுதான் முதலில் மனதைத் தைத்தது, பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. மூக்குத்தி. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. கண் மட்டும் செல்வமலரைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, பொத்தானின் மேல் இருந்த இவள் விரலைப் பார்த்தது.

"போதும்டி," என்றாள் செல்வமலர். "நீ பாத்தது போதும்."

சுற்றிப் பின்னால் கொண்டுவந்தாள். பதியும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுத்தது. ஒன்று முதல் நாற்பது வரை வாய்விட்டு எண்ணினாள். இன்னும் ஒரு பத்து சேர்த்து எண்ணினாள். நிறுத்தினாள். இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அந்த வீடு தன்னுடையது என்று தோன்றியது.

அழிந்ததா என்று பார்க்க, பின்னால் சுற்றி ஓட்டினாள்.

அழிந்திருக்கவில்லை.

கறுத்த தண்ணீர் இருந்தது. குடங்கள் இருந்தன. பெண்கள் வந்தார்கள். ஆறு பேர். முன்னால் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டு, அந்த இடத்துக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்கள்.

நின்று, காத்திருந்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடக் காத்திருப்பதைப் போல.

டெக்கை நிறுத்தினாள். நிற்கவில்லை. சுவரில் பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

அடுப்படியில் சளக் என்றது. நின்றது. மறுபடி சளக். ஈரக் காலை சிமெந்துத் தரையில் ஊன்றி ஊன்றி வைக்கும் சத்தம்.

செம்மண் வாசனை மூச்சை அடைத்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கக் கூடாது.

திரைக்குள்ளிருந்து, பனிமூட்டத்துக்கு அப்பாலிருந்து, பழகிப்போன குரல் ஒன்று, மேல் ரோட்டில் நின்று கூப்பிடுவதைப் போல வந்தது.

"நெர காலியா கெடக்கக் கூடாது. பக்கத்துல நிக்கிறவ எறங்கிப் புடி."

கணுக்காலில் குளிர். குனிந்து பார்த்தாள். தண்ணீர்.

*

முழங்கால் அளவு தண்ணீர். இடுப்பில் குடம். அதன் சூடு விலாவைச் சுட்டது. பின்னால் ஆறு பேரின் மூச்சு.

நடக்க வேண்டும். நாற்பது எண்ணும் மட்டும் நடக்க வேண்டும். பிறகு ஒரு கிர்ர் சத்தம் எழும். கால்கள் தாமாகப் பின்னால் போகும். மறுபடி முதல் அடி.

எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஒரு சின்ன அறை. மங்கல் வெளிச்சம். ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம்.

கணேசமூர்த்தி உட்கார்ந்திருந்தார்.

கிளாஸ் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. முன்னால் சாய்ந்தார். இவளைப் பார்த்தார். இவளைத்தான். கண் கலங்கியது.

மூச்சை நிறுத்தினார்.

செல்வமலர் கத்தினாள். படத்தில் அந்த இடத்தில் சத்தம் இல்லை.

அடுப்படி வாசல்படியில் ஒருத்தி வந்து நின்றாள். சீலைக் கரையிலிருந்து செம்மண் சொட்டியது. மூக்குத்தி. வெட்டுப் புருவம். விரல் இடுக்கில் ரொட்டி மாவு. அவள் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

"கொஞ்சம் தள்ளி நில்லு புள்ள," என்றார் அவர், திரும்பாமலே. "மறைக்குது."

அவள் தள்ளி நின்றாள்.

எத்தனை ஞாயிறு போனதோ. ஒரு பகல். நாற்காலி காலியாக இருந்தது. பேக்டரி ஓடும் சத்தம் கேட்டது. பனிமூட்டம் வாசலுக்கு வந்திருந்தது.

பூங்காவனம் டீவிக்கு முன்னால் மண்டியிட்டாள். இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை இரண்டாம் தடவையாகப் பார்த்தாள் செல்வமலர். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. அதில் இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இரண்டு வருசம் அவளே வயிற்றில் வைத்துக் கொதிக்கவிட்ட பொறாமை.

செலோடேப் சுருளைப் பல்லால் கடித்து, விரல் அளவு துண்டு கிழித்தாள் பூங்காவனம்.