பத்து மீட்டர் பிழை

“சேர், தோண்டாதீங்க! அது ஏழாம் நம்பர் மலை இல்ல!”

தேயிலைத் தோட்டத்தில் பரிசோதனைக்கு மண் அள்ளிக்கொண்டிருந்த அஜந்தன் நிமிர்ந்தான். மடுல்சீமைத் தூறலில் குடையும் கையுமாக ஓடி வந்தாள் ஒருத்தி. நனைந்த இமைகளுக்குள் அப்படி ஒரு கோபம்... ஒரு கணம் வந்த வேலையே மறந்து போயிற்று.

“நீங்க யாரு மிஸ்?”

“சுபாஜினி. பதுளையில கெமிஸ்ட்ரி படிச்சுக் குடுக்கிறேன். எங்கம்மா ஏழாம் நம்பர்லதான் கொழுந்தெடுக்கிறாங்க. இது எங்க லயத்து வீடுகளோட பழைய சாம்பக் குழி, புல்லு மூடிக் கெடக்கு. தேயிலைக்குப் புளிச்ச மண்ணு வேணும். சாம்பல் அந்தப் புளிப்பை முறிச்சிரும். இத டெஸ்ட் பண்ணி, ஏழாம் நம்பர் தேயிலை மலையே ஆகாதுன்னு கைவிட்டா முப்பது பேருக்கு வேல போயிரும்!”

அவன் ஜீபீஎஸ் கருவியை நீட்டினான். “சேட்டலைட் காட்டுற இடம் இதுதான். அது பொய் சொல்லாது.”

“சொல்லும். ரெண்டு நாளா சூரியன்ல புயல். மேல வானம் கலங்கினா சிக்னல் சுணங்கித்தான் வரும், இடம் மாறிக் காட்டும். நியூஸ் பாக்கிறதில்லையா?”

‘நான் என்ன இவ கிளாஸ் பிள்ளையா?’ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மண் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ஏழாம் நம்பர் தேயிலைக்கு ஆகாதாம். அவள் சொன்னபடியே! புயல் ஓய்ந்திருந்தது. அஜந்தன் மறுபடி போய்ப் பார்த்தான். அதே புள்ளியைக் கருவி இப்போது பத்து மீட்டர் தள்ளி, தேயிலைக்கு நடுவே காட்டியது. அங்கே எடுத்த மண்ணில் புளிப்பு அளவாக இருந்தது.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில், தோட்டத் துரைக்கும் தொழிலாளர்களுக்கும் முன்னால் நின்று, அம்மாவோடு வந்திருந்த சுபாஜினியைக் காட்டிச் சொன்னான்:

“தப்பு என்னோடது. ஏழாம் நம்பர் நல்ல மண்ணு. இந்த மிஸ் அன்னைக்கே சொன்னாங்க.”

“எம் மக!” என்றாள் சுபாஜினியின் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. சுபாஜினிக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அவனருகே வந்தாள்.

“சூரியன் மேல பழியப் போட்டிருக்கலாமே சேர்?”

“சூரியன் பத்து மீட்டர்தான் பிழைவிட்டுச்சு. நீங்க சொல்லியும் கேக்காமப் போனது நான்தானே... உங்கள எனக்குப் புடிச்சிருக்கு மிஸ். வீட்டுக்கு வந்து பேசட்டுமா?”

அவள் தலை நிமிர்ந்தது. “எங்க வீடு லயம். அம்மா கொழுந்தெடுக்கிறவங்க.”

“எங்கம்மாவும் நமுனுகுலயில கொழுந்தெடுத்துத்தான் என்னையப் படிக்க வச்சாங்க.”

சுபாஜினி அவனையே பார்த்தாள். கன்னம் சிவந்தது...

“அப்போ உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு.”