பாதியில் அறுந்த புகை

கோச்சடையில் அந்தப் பழைய வீட்டை நான் வாடகைக்குப் பிடித்ததற்குக் காரணம் என் மகள் ஆஷ்லினின் மூச்சு. ஆறு வயதுக்காரிக்கு வீசிங். பக்கத்து வீட்டில் கொசுவர்த்தி ஏற்றினால்கூட வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் அவளுக்கு இழுக்கும். எனக்கோ புகையைப் படம் பிடிக்கிற கிறுக்கு. ஊதுபத்திப் புகையைக் கறுப்புத் துணிக்கு முன்னால் விட்டு, பக்கவாட்டில் ஃப்ளாஷ் அடித்தால் அது மயிலாகும், பெண்ணாகும், சில சமயம் பெயரே வைக்க முடியாத ஏதோ ஒன்றாகும். கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துச் சலித்துப்போன ஸ்டுடியோக்காரனுக்கு வேறென்ன போதை வேண்டும்?

"வீட்டுக்குள்ள புகை வந்துச்சுன்னா நானும் பிள்ளையும் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம்" என்று என் மனைவி ஆனிமேரி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

1999, சித்திரை மாதம். வீட்டுக்காரி ஒச்சாயி சாவியைக் கொடுக்கும்போது, "பின்னால இருக்க ரூம்பு மட்டும் வேணாம் தம்பி. காத்தே வராது" என்றார்.

காற்று வராத அறையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறையின் ஜன்னலில் கறுப்புத் தாளை ஒட்டிக் கதவைச் சாத்தினேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஸ்டூலில் வைத்த மல்லிகை ஊதுபத்தியின் புகை நூல் பிடித்ததுபோல நேராக ஏறியது. ஒன்பது படம் எடுத்தேன்.

பத்தாவதில் புகை சாய்ந்தது.

கதவுப் பக்கம் அல்ல, சுவர்ப் பக்கம். என் இடுப்பு உயரத்தில் வளைந்து, கொஞ்ச நேரம் நின்று, நிமிர்ந்தது. மறுபடி வளைந்தது. மறுபடி நிமிர்ந்தது. அறைக்குள் மல்லிகை வாசனை போய், நொச்சித் தழை கருகுகிற வாடை வந்தது.

நான் பயந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் தாங்கவில்லை. அழுகிற பிள்ளைகளைத் தாஜா செய்தே படமெடுத்துப் பழகிய நாக்கு, அதுவாகப் பேசியது.

"அப்படித்தான் தங்கம். இம்புட்டு அழகா நிக்கிறியே... எங்க வீட்டுக்கு வந்துர்றியா?"

எந்தப் பிள்ளையைக் கொஞ்சினாலும் எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

புகை தாழ்ந்தது.

எழுந்தது.

தலையாட்டியதுபோல இருந்தது. நானே சிரித்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.

சாயங்காலம் ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டேன். பத்தாவது படத்தில் புகை இரண்டு மெல்லிய இழைகளாகப் பிரிந்து, இரண்டும் ஒரே இடத்தில் முடிந்திருந்தன. புகை என்றால் பரவிக் கலையும். இது கத்தரித்ததுபோல அறுந்திருந்தது. அப்படி ஒரு படத்தை நான் ஜென்மத்துக்கும் எடுத்ததில்லை.

மறுநாள் காலையிலேயே ஓடினேன். ஒரு ரோல் முழுக்க எடுத்தும் புகை நேராகவே போனது. சாயவில்லை. நொச்சி வாடையும் இல்லை. சலிப்போடு சாவியைக் கொடுக்கப் போனவன், பெருமைக்காக அந்தப் படத்தை, அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒச்சாயியிடம் காட்டினேன்.

அவர் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"மூக்குத் தம்பி இது. ரெண்டு தொளையிலயும் போகுது பாருங்க."

படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"எம் மக சுந்தரம்மா. ஏழு வயசு. இழுப்பு. மூடுன ரூம்புல நொச்சிப் புகை போட்டாச் சரியாப் போகும்னாக. உள்ள விட்டுக் கதவைச் சாத்துனேன். 'ஆத்தா, போதும் ஆத்தா'ன்னு கத்துனா. நாந்தான் தொறக்கல." ரகசியம்போலத் தொடர்ந்தார். "இருவது வருசமா அங்கனதான் கிடக்கா. நான் கூப்ட்டா வரமாட்டா. கோவம்."

எழுந்துபோய் அந்த அறைக்குள் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் பிள்ளையைக் காணமே. நீங்க எதுவும் கூப்ட்டீகளா?"

தவளை தன் வாயால் கெடும். டிவிஎஸ் ஃபிப்டியை எப்படி வில்லாபுரம்வரை ஓட்டினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

வாசலில் ஆனிமேரி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "எங்க போய்த் தொலைஞ்சீக? நீங்க போனதுலருந்து பிள்ளைக்கு மூச்சுத் திணறுது!"

தெருமுனை டாக்டரிடம் ஓடினோம். ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்தார். ஆஷ்லினுக்குத் திணறல் குறைந்தது. எனக்கும் உயிர் வந்தது. டாக்டர் அவளைப் பெஞ்சில் படுக்க வைத்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"பாப்பா, கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்கோ. இதயத்தைக் கேக்கணும்."

ஆஷ்லின் கன்னத்தை உப்பிக்கொண்டு, இரண்டு விரலால் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் கேட்டார். முகம் சுருங்கியது. வேறு இடத்தில் வைத்துக் கேட்டார்.

"பிடிச்சுக்கோன்னு சொன்னேன்ல?"

அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நெஞ்சு அசையவே இல்லை.

டாக்டர் கருவியைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

மகளின் கண்கள் என்னையே பார்த்தன. வாய் மூடியிருந்தது. அவள் நெஞ்சுக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இழுப்பே இல்லாத, சுகமான மூச்சு.