வயரைக் கழட்டுங்க, நானா

கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் எப்போதும் பத்து வயதுச் சுலோஜனாவுடையது. அன்று அப்பாவுடன் மூவருமாகப் போனபோது அக்கா இராஜகுமாரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“கெம்பஸ் போறவங்களுக்குத்தான் ஜன்னல்,” என்றாள்.

அக்கா பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். சலுகை விலையில் மடிக்கணினி வாங்கப் பாடசாலை கடிதம் கொடுத்திருந்தது. ஒருவருக்கு ஒன்றுதான். வாங்கினால் பிறகு மாற்ற முடியாது.

அது யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடி வந்தது. எல்லோரும் இறங்கிப் பைகளைத் திறந்து காட்டினார்கள். ஓர் இளைஞனிடம் மடிக்கணினியை இயக்கிக் காட்டச் சொன்னார் இராணுவ வீரர். அது இயங்கவில்லை. அவனை ஓரமாக நிறுத்தினார்கள். பஸ் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

சுலோஜனாவுக்குப் பயமாக இருந்தது. அக்காவும் இனி மடிக்கணினியோடு தினமும் இந்த வழியாகத்தான் பேராதனைக்குப் போகவேண்டும்.

கண்டியில் கணினிக் கடைக்காரர் ஷிராஸ் நானா சலுகை விலைக்கு இரண்டைக் காட்டினார். ஒன்று பெரிய திரையுடன் பளபளத்தது. மற்றது சின்னது, கறுப்பு, பார்க்கச் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி.

“பெருசையே எடுப்போமா?” என்றார் அப்பா. பலாப்பழத்தையும் அவர் அப்படித்தான் வாங்குவார். அக்கா அதற்குள் தலையாட்டிவிட்டாள்.

“வயரைக் கழட்டுங்க, நானா,” என்றாள் சுலோஜனா.

“ஏன் மகள்?”

“பஸ்ஸுல பிளக் இல்லையே.”

நானா சிரித்துக்கொண்டே கழற்றினார். பெரிய திரை பொசுக்கென்று அணைந்தது. நானாவின் சிரிப்பும் கூடவே போனது.

“பார்வைக்கு வச்ச சாமான், மகள். பெட்டரி செத்துப் போயிருக்கு. நானும் கவனிக்கல்ல.”

சின்னதின் வயரையும் கழற்றினார். அது பாட்டுக்கு ஓடியது.

அக்கா சின்னதைத் தன் பக்கம் இழுத்தாள். ஓரமாக நிறுத்தப்பட்டவனை அவளும் பார்த்திருந்தாள்.

“சின்னதையே தாங்க,” என்றாள்.

“நல்லா சார்ஜ் ஏத்தித் தாங்க,” என்றாள் சுலோஜனா. ஏறி முடிவதற்குள் அப்பா மூன்று கோப்பை பிளேன்டீ குடித்துவிட்டார்.

திரும்பும்போது அதே சாவடி. இம்முறை அக்காவிடம் இயக்கிக் காட்டச் சொன்னார்கள். அவள் அதைப் பையிலிருந்து எடுத்துத் திறந்தாள். பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. சுலோஜனா எட்டிப் பார்த்தாள். பிறகு நீல வெளிச்சம் வந்தது. வீரர் போகலாம் என்று கைகாட்டினார்.

அக்கா முதலில் ஏறி, ஜன்னலோர இடத்தில் தன் பையைப் போட்டாள். சுலோஜனா வந்ததும் பையை எடுத்துக்கொண்டாள்.

“உட்காரு,” என்றாள்.

“நான் கெம்பஸ் போகலையே?”

“வாயை மூடிக்கிட்டு உட்காரு.”

சுலோஜனா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்த முறை பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.