பதினொரு தெளிந்த இரவுகள்

மூடிக்கிடந்த பழைய வானாய்வுக் கூடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. காவலாளி சாவியை நீட்டினார். "உள்ள விளக்கு எரியாதும்மா. ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க," என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆவண அறையில் ஈர மரத்தின் வாசனை. அவள் பையில் ஒரு நீல மைப் பேனா இருந்தது. அங்கே வைத்திருந்த பழைய இரவு அளவுக் குறிப்பேட்டின் எழுத்தில் இருக்கும் அதே நீலத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கியிருந்தாள்.

தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மையம் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்குகிறது, அங்கே இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. பேரும் நிரந்தர வேலையும் அதனால் வந்தவை. அந்தத் தாளத்துக்கு ஒத்துவராத இரவுகள் பதினொன்று இருந்தன. கணினிப் பட்டியலில் அவற்றுக்கு நேரே 'மேகம்' என்று தட்டினாள். மேகம் மறைத்த இரவின் அளவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த இரவுகளில் தொலைநோக்கியில் இருந்தவர், எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட ஒப்பந்தப் பணியாளர்.

"வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சும்மா. நான் பார்த்தேனே," என்று அக்கா இவளிடம்தான் முதலில் வந்து சொன்னார்.

அக்கா மேகத்தைக்கூடக் கவனிக்காமல் அளவெடுத்தவர் என்று விசாரணையில் முடிவாகி, அவர் வேலை போனது. அக்கா கையால் எழுதிவந்த குறிப்பேட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை. இவளும் வாய் திறக்கவில்லை. வேலை போன மூன்றாம் மாதம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கத்தைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி அன்று தனக்குள் எழுந்ததை இவள் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது யாரோ சந்தேகப்பட்டு, குறிப்பேட்டின் நகலைக் கேட்டிருக்கிறார்கள்.

மேகம் இருந்தால் மட்டுமே அக்கா கடைசிக் கட்டத்தில் எழுதுவார். தெளிந்த இரவுகளில் அதை வெறுமையாக விடுவார். பதினொரு வெற்றுக் கட்டங்களில் 'மேகம்' என்று எழுதினால் போதும். ஐந்து நிமிட வேலை.

குறிப்பேட்டைத் திறந்து, முதல் வரியைத் தேடி விரலை வைத்தாள்.

விரலில் மை ஒட்டியது.

ஆறு வருடத்துக்கு முந்தைய எழுத்து. ஈரமாக இருந்தது.

அக்கா முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை, காதோரம். தாளின் மேல் ஒரு நிழல் விழுந்தது. என்ன எழுதப் போகிறாய் என்று தோளுக்கு மேலாக ஒருவர் குனிந்து பார்ப்பதுபோல.

அவள் திரும்பவில்லை.

கூட்டாளியைக் கைபேசியில் அழைத்தாள். கண்டுபிடிப்புக் கட்டுரையில் பேர் போட்டுக்கொண்டவன், எதையும் கேட்காத சாமர்த்தியசாலி.

"என்ன தாயே, பேய் பங்களாவுல குடியேறியாச்சா?"

"அந்தப் பதினொரு அளவையும் வாசிக்கிறேன். எழுதிக்கோ. திரும்பச் சேர்க்கணும்."

"விளையாடாதே. அதைச் சேர்த்தா நம்ம பதினாலு மாசம் காத்துல போயிடும். கூடவே நாமளும்."

"மேகமே இல்லை. நான்தான் போட்டேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு பேனா மூடி திறக்கும் சத்தம். "சரி. சொல்லு."

வாசித்தாள். தேதி, நேரம், ஒளி அளவு. நான்காவதில் அவன் குறுக்கிட்டான்.

"ஒருத்தர் சொன்னா போதும். ரெண்டு பேரும் சொன்னா குழம்புது."

"யாரு ரெண்டு பேரு?"

"பக்கத்துல ஒரு அம்மா சொல்றாங்களே. உனக்கு முந்தியே சொல்லிடறாங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

கதவு சாத்தியிருந்தது.

அவளுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. கண்ணீர் வழிய, மிச்சத்தையும் வாசித்தாள். பதினொன்று முடிந்ததும் குறிப்பேட்டை மூடினாள்.

"அவ்வளவுதான். வச்சிடறேன்."

"இரு, இரு. அவங்க நிறுத்தலையே." அவன் குரல் தாழ்ந்தது. "பன்னிரண்டாவது சொல்றாங்க. தேதி... ஏய், இது நேத்து ராத்திரி. அந்தக் கூடத்தை மூடி நாலு வருஷம் ஆச்சே."

அவள் மூடிய குறிப்பேட்டின் மேல் கையை வைத்தாள்.

"எழுதிக்கவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லு. அடுத்தது ஆரம்பிச்சுட்டாங்க."

"எழுதிக்கோ," என்றாள். "ஒண்ணையும் விட்டுடாதே."