ஏழு மணிக்கே வந்தவள்

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது நாள், இரவு எட்டே முக்காலுக்கு வந்து கதவைத் தட்டியபோது கீழ்வீட்டு அக்கா அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

“பிள்ளையை ஏழு மணிக்கே கூட்டிட்டுப் போயிட்டியே. மறுபடி எங்க போயிட்டு வர்றே?”

ஏழு மணிக்கு அவள் கம்பெனி வேனில் இருந்தாள். நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டு, டீசல் புகையும் இருபது பேரின் வியர்வையும் கலந்த காற்றில், கண்ணாடியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறிய விதம் அவளுக்கே தெரியவில்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கட்டிலில் ஏழு வயது மகள் அயர்ந்து தூங்கினாள். காலையில் அவசரமாகப் போட்ட ஒற்றைப் பின்னல் அவிழ்க்கப்பட்டு, வகிடு பிசகாமல் இரட்டைப் பின்னலாகியிருந்தது. தலைமுடி லேசாக ஈரம். தேங்கிய தண்ணீரின் வாசனை.

காலையில் கேட்டபோது மகள் கண்ணைத் திறக்காமலே, “நீதானே பின்னிவிட்டே” என்றாள்.

அப்படியும் இருக்குமோ என்று ஒரு கணம் அவள் நம்பத்தான் செய்தாள். காலை ஐந்துக்குப் பிள்ளையைத் தூக்கக் கலக்கத்தோடு கீழே விட்டுவிட்டு ஓடினால், இரண்டரை மணி நேரப் பயணம். பிறகு பத்து மணி நேரத்துக்கு மேல், வெளிச்சத் திரைக்கு முன்னால் வரிசையாக ஓடிவரும் கண்ணாடி பாட்டில்களில் விரிசல் தேடும் வேலை. கண்ணை மூடினாலும் பாட்டில்கள் ஓடும். திரும்பவும் இரண்டரை மணி நேரம். எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்று நினைவில்லாத நாட்கள் அவை. ஆனால் ஒருத்தி ஒரே நேரத்தில் வேனிலும் வீட்டிலும் இருக்க முடியாது.

மறுநாளும் இரவு வந்தபோது, அவள் ஆறு மணிக்கே வந்து பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டதாக அக்கா சொன்னாள். பேசவில்லையாம். தலையை மட்டும் ஆட்டினாளாம். அதற்கடுத்த நாள் ஐந்தரை.

யார் வந்து கேட்டாலும், தானே வந்து கேட்டாலும், போனில் பேசி உறுதி செய்யாமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அக்காவின் முகத்தில் இரக்கம்தான் தெரிந்தது.

“உன் பிள்ளையை உன்கிட்ட குடுக்காம வேற யார்கிட்ட குடுக்கச் சொல்றே? முதல்ல ஒரு நாள் லீவு போட்டுத் தூங்கு.”

லீவு கிடையாது. முதல் மூன்று மாதத்தில் ஒரு நாள் தவறினாலும் கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்களில் ஒருத்தியை உள்ளே கூப்பிட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சேர்த்த அன்றே சொல்லியிருந்தார். கணவன் இறந்து மூன்று வருடம். பழைய தையல் கடை மூடி ஏழு மாதம் வீட்டில் கிடந்த பிறகு கிடைத்த வேலை இது. விட்டால் வேறு கதியில்லை.

வேன் டிரைவரிடம் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லிப் பார்த்தாள். இந்த ரோட்டில் இதற்கு மேல் மிதித்தால் வீட்டுக்கு யாரும் முழுசாகப் போய்ச் சேர மாட்டோம் என்று அவர் சிரித்தார். இருபது பேரும் சிரித்தார்கள்.

பதினாலாவது நாள் நாலு மணிக்கு, கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து அக்காவை போனில் கூப்பிட்டாள். “ஸ்கூல்லேருந்து நீதானே கூட்டிட்டு வந்தே? மேல நடமாடுற சத்தம் கேக்குதே” என்றாள் அக்கா.

வீட்டில் ஒரு பழைய போன் கிடந்தது. அதற்கு அடித்தாள். வெகுநேரம் அடித்து ஓயப்போகும்போது மகள் எடுத்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“நீ எந்த அம்மா?”

“நான்தான்டா. உன் அம்மா.”

“அதுவும் அப்படித்தான் சொல்லுது.”

மகளுக்குப் பின்னால் எங்கேயோ யாரோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைத் தூங்கவைக்க அவள் பாடும் மெட்டு. அவளுடைய குரல். பாட்டு நின்றது. போனும் நின்றது.

சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து, இப்போது வெளியே போனால் போனதுதான் என்றார். அவள் தலைத்தொப்பியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினாள். நெடுஞ்சாலையில் கை காட்டிக் காட்டி, நின்ற முதல் லாரியில் ஏறினாள். பிறகு ஒரு பஸ். பிறகு ரயில்வே கேட். மூடியிருந்தது. இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து, தண்டவாளம் அதிரும்போதே தாண்டி ஓடினாள். பொழுது சாய்ந்துவிட்டது. செருப்பு ஒன்று எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

அக்கா வாசலில் நின்றாள். இவளைப் பார்த்தாள். நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். மாடியில் காலடிச் சத்தம். அக்காவின் முகம் வெளிறியது.

படிகள். இருட்டு. தேங்கிய தண்ணீரின் வாசனை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் தட்டவில்லை. கதவில் வாயை வைத்து மகளைக் கூப்பிட்டாள். மிக மெதுவாக. தாழ்ப்பாள் நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சத்தம் வராதபடி. ஒரு சாண் திறந்தது.

மகளின் முகம். அழுது வீங்கிய கண்கள்.

“ஏம்மா இவ்ளோ நேரம்?”

“வா. சத்தம் போடாம வா.”

மகள் கையை நீட்டினாள். விரல் நுனிகள் தொட்டன.

அப்போது இருட்டிலிருந்து ஒரு கை வந்து மகளின் தலைமேல் படிந்தது. வகிட்டைச் சரி செய்தது. அன்பாக. அவளுடைய கைதான். அதே விரல்கள். அவள் போட்டிருந்த அதே நீலக் கம்பெனிச் சீருடையின் சட்டைக்கை.

மகளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அந்தக் கையின் வழியாகவே அவள் பார்வை உள்ளே போனது. மணிக்கட்டு. முழங்கை. அதற்கப்பாலும் கை. கட்டிலைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, கூடத்தின் மறுகோடி வரை, தொய்வில்லாமல், கை. சமையலறை வாசலில் அது முடிந்த இடத்தில், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தவள், முணுமுணுத்துப் பாடியபடி, மெல்லத் திரும்பத் தொடங்கினாள்.