நனைஞ்ச சாக்ஸின் முதல் கச்சேரி

"நாங்க பழைய ஸ்கூல் ஃபிரண்ட்ஸ்" என்று வினிதா சொன்னால் அவள் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"உனக்கு வயசே பன்னிரண்டு. அதுல பழசு எது, புதுசு எது?"

ஆனாலும் அது உண்மைதான். வினிதா, விக்கி, ஹெப்சி, தீனா நாலு பேரும் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்தப் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. அப்புறம் ஆளுக்கொரு பள்ளி, ஆளுக்கொரு வேன் என்று பிரிந்து போனார்கள்.

ஏழாம் வகுப்பில் மறுபடியும் ஒன்று சேர்ந்து ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தார்கள். விக்கி கிடார், ஹெப்சி கீபோர்டு, வினிதா டிரம் பேட். பாடுவது தீனா. சினிமாப் பாட்டே கூடாது, எல்லாம் சொந்தப் பாட்டு என்று முதல் நாளே முடிவு செய்தார்கள். பெயர் வைக்க உட்கார்ந்த அன்று நாலு பேர் சாக்ஸும் மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. அதனால் பேண்டின் பெயர் 'நனைஞ்ச சாக்ஸ்'.

ஒரே ஒரு குறைதான். ஒரு பாட்டைக்கூட நாலு பேரும் சேர்ந்தாற்போல் ஆரம்பித்ததில்லை. வினிதா "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணுவாள். விக்கி "டூ"விலேயே கிளம்பிவிடுவான். ஹெப்சி "த்ரீ" முடிந்து மூச்சு விட்டபிறகுதான் வருவாள்.

சனிக்கிழமைதோறும் பயிற்சி நடப்பது வினிதா வீட்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில். இரண்டாவது வாரமே குடியிருப்புச் செயலாளர் சுப்ரமணியன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"குழந்தைகளா, உங்க திறமையெல்லாம் சரி. ஆனா கீழ் வீட்டுல ஜன்னல் கண்ணாடி ஆடறதும்மா."

"சாரி சார்" என்றாள் வினிதா.

விக்கியின் அண்ணன் ஒரு வழி சொன்னான். ஒரு சின்னப் பெட்டி கொடுத்தான். கிடார், கீபோர்டு, டிரம் பேட், மைக் எல்லாவற்றையும் அதில் செருகிவிட வேண்டும். நாலு ஹெட்போன்களையும் அதிலேயே செருகிக் காதில் மாட்டிக்கொண்டால், பேண்டின் சத்தம் முழுக்க அவர்கள் காதுக்குள் மட்டும் கேட்கும். வெளியே ஒன்றும் கேட்காது. சுப்ரமணியன் சாரும் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தீனா ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தான்.

*அம்மா, போனை எடு*
*மழை வருது, கொடியில துணி கிடக்கு*
*யாரு எடுப்பா? யாரு எடுப்பா?*

போன வருடம் தீனாவின் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அதைப் பற்றி அவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நண்பர்களுக்கும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்காமலே இருந்துவிட்டார்கள். அந்தப் பாட்டில் மட்டும் அவன் பேசினான். ஹெட்போனில் டிரம்ஸ் அதிர, கிடார் அழ, தீனா கண்ணை மூடி முழுத் தொண்டையில் பாடுவான். பாடி முடித்ததும் அவன் முகம் கொஞ்சம் லேசாகியிருக்கும். அதைப் பார்க்கவே வினிதாவுக்குச் சனிக்கிழமை எப்போது வரும் என்றிருக்கும்.

திடீரென்று ஒரு சனிக்கிழமை தீனா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

வினிதா அவன் வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு சின்ன போர்ஷன். தீனா கதவைப் பாதிதான் திறந்தான்.

"தொண்டை சரியில்ல."

"எப்போ சரியாகும்?"

"சரியாகாது. நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க. அந்தப் பாட்டையும் விட்டுடுங்க."

"ஏன்டா, நாங்க என்ன பண்ணோம்?"

கதவு மூடிக்கொண்டது. அவன் கண் சிவந்திருந்ததை வினிதா பார்த்துவிட்டாள்.

திரும்பும் வழியில் தெருமுனைக் கடை வாசலில் சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டு இரண்டு பையன்கள் நின்றார்கள். ஒருவன் அவளைப் பார்த்துக் கேட்டான்.

"இன்னா, உங்க செட்டு பாட்டுக்காரன காணோம்? அவங்கம்மா போன எடுத்துட்டாங்களா?"

மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வினிதாவுக்கு முகம் சூடாகிவிட்டது. அவன் அம்மா இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அது தீனா சொல்ல வேண்டிய விஷயம், நாம் சொல்லக் கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

"அவ்ளோ நல்ல பாட்டைக் கேட்டு யாராவது சிரிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாட்டா அது? மியூசிக்கே இல்ல. ஒருத்தன் மொட்ட மாடில நின்னுகினு தனியா 'அம்மா, அம்மா'ன்னு கத்துறான். தெருவே கேட்டுகினு கீது!"

மியூசிக்கே இல்லையா? வினிதா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடினாள்.

ஹெப்சியையும் விக்கியையும் மொட்டை மாடிக்கு வரவழைத்தாள். "விக்கி, நீ கிடார் வாசிச்சுக்கிட்டே தீனா மாதிரி சத்தமா பாடு. ஹெட்போன் போட்டுக்கோ. ஹெப்சி, நீ வாசி. நான் கீழே போறேன்."

தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கிடார் கேட்கவில்லை. கீபோர்டு கேட்கவில்லை. விக்கியின் குரல் மட்டும் மொட்டையாக வந்தது. "அம்மாஆஆ!" பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, அது கிடாருக்கான இடம். திடீரென்று, "யாரு எடுப்பாஆஆ!"

அவளுக்கே முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அது நின்றுவிட்டது.

தீனா இத்தனை வாரமும் தெருவே கேட்க ஒற்றை ஆளாக நின்று அழுதிருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் பக்கத்திலேயே, காதை மூடிக்கொண்டு. ஒருத்தராவது ஒருமுறை ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தோமா?

மேலே வந்து சொன்னதும் ஹெப்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அந்தப் பசங்ககிட்ட போய் விளக்கிச் சொல்லலாம்" என்றான் விக்கி.

"சொன்னா போதாது. அவன் தனியா பாடிட்டான். இப்போ நம்ம முறை" என்றாள் வினிதா.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் தீனா வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கிடார் இல்லை, கீபோர்டு இல்லை, ஹெட்போனும் இல்லை. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒன், டூ..."

விக்கி கிளம்பிவிட்டான். வினிதா பின்னால் ஓடிப் பிடித்தாள். ஹெப்சி கடைசியில் வந்து சேர்ந்தாள்.

*அம்மா, போனை எடு...*

மூன்று பேருக்கும் பாட வராது. வினிதாவின் குரல் பாதியில் உடைந்தது. கடை வாசல் பையன்கள் வந்து வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கிடாருக்கான இடம் வந்ததும் விக்கி கிடாரை வாயாலேயே வாசித்தான். சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர்கள் நிறுத்தவில்லை.

மாடிக் கதவு படாரென்று திறந்தது.

"நிறுத்துங்க! அங்க இழுக்கக் கூடாது!" தீனா தடதடவென்று இறங்கி வந்தான். "என் பாட்டை இப்படியா கொல்லுவீங்க?"

"அப்போ நீ சொல்லிக் குடு" என்றாள் வினிதா. "நீ பாடினது வெளியே எப்படிக் கேட்டுச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுடா. போன வாரம்தான் தெரிஞ்சுது. சாரி."

தீனா அவர்களைப் பார்த்தான். சுற்றி நின்று சிரிப்பவர்களையும் பார்த்தான். பிறகு வந்து அவர்கள் நடுவில் நின்றுகொண்டான்.

அவன் பாடினான். மூன்று பேரும் கூடவே பாடினார்கள். "மழை வருது, கொடியில துணி கிடக்கு" என்ற வரியில் இருக்கும்போதே பொட்டுப் பொட்டென்று தூறல் விழுந்தது.

சைக்கிள் பையன் மேலே பார்த்துக் கத்தினான். "டேய், நெஜமாவே மேல துணி நனையுதுடா! உங்கம்மாவ எடுக்கச் சொல்லு!"

பாட்டு நின்றது.

"அம்மா இல்ல" என்றான் தீனா. "செத்துட்டாங்க. நாங்கதான் எடுக்கணும்."

அந்தப் பையனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு முதல் ஆளாகப் படியேறி ஓடியவன் அவன்தான்.

தீனா வீட்டு மொட்டை மாடியில் ஒரே ரகளை. ஹெப்சி கிளிப்புகளைப் பிடுங்கினாள். விக்கி போர்வையில் சிக்கிக்கொண்டான். மழை கொட்டத் தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் அள்ளி வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டார்கள். மழைச் சத்தத்தில் தீனா கொஞ்ச நேரம் அழுதான். சைக்கிள் பையன் ஒரு துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

இருட்டும் நேரத்தில் தீனாவின் அப்பா திருமுடிவாக்கம் லேத் பட்டறையிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். கொடியை நினைத்துக்கொண்டு வேகமாக மாடியேறியவர், அறை நடுவில் மலைபோலக் கிடந்த காய்ந்த துணியைப் பார்த்து அசந்துபோனார்.

"துணிய யாரு எடுத்தது?"

"நாங்கதான்!"

நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். 'நனைஞ்ச சாக்ஸ்' சேர்ந்தாற்போல் ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை.