முந்திக்கொண்ட குரல்

என் தம்பி ஆர்வியின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. ஆனாலும் வடகோடி நாட்டில் ஜனவரி மாதம் பாருங்கள், அதற்குள் கும்மிருட்டு. ஏரி எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மூடிப்போன ஒரு பழைய பள்ளிக்கூடத்தை வாங்கி வீடாக்கியிருந்தார்கள். மரக் கட்டிடம், உயரமான ஜன்னல்கள், கால் வைத்தால் முனகும் தரை. கதவைத் திறந்ததும் அடுப்பில் எரியும் பிர்ச் மரக் கட்டையின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையும் வந்தன. பயப்படும்படி அங்கே ஒன்றுமே இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வா சென்யா. கேபிள் மேல மிதிச்சுத் தொலைக்காதே!" என்று உள்ளேயிருந்து ஆர்வி கத்தினான்.

"இவ்வளவு பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன், ஒரு வாய் காபி வேணுமான்னு கேக்கத் தோணுதா உனக்கு? கேபிளாம் கேபிள்!"

அவன் மனைவி ஹில்லாதான் வந்து கட்டிக்கொண்டாள். ஹில்லா பாடகி. ஒரு மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது தலையில் பொருத்திய கருவி வழியாகத்தான் அவளுக்குக் கேட்கிறது. கருவியைக் கழற்றிவிட்டால் நம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பேச்சுக்கு இதெல்லாம் போதும், பாட்டுக்குப் போதாது. பாடுகிறவளுக்குத் தன் குரல் உடனே காதில் விழவேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் சுருதி வழுக்கிவிடும். ஈஸ்டருக்கு ஊர் தேவாலயத்தில் பாட அழைத்திருந்தார்கள். "இந்தத் தடவையும் பாட முடியலைன்னா இதைக் கொண்டுபோய் ஏரியில போட்டுடுவேன்" என்று கருவியைத் தொட்டுக்காட்டிச் சொல்லியிருந்தாள். கருவியை மட்டும்தான் போடுவாளா என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. ஒலிப்பதிவு தெரிந்தவள் என்பதால் உதவிக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பயத்தில்தான் வந்தேன்.

ஆர்வி செய்துகொண்டிருந்த வேலை இதுதான். மைக்கில் விழும் குரலைச் சுத்தப்படுத்தி அவளுடைய கருவிக்கு அனுப்புவதற்கு ஒரு கம்ப்யூட்டர். அதன் அடிமடியில் கர்னல் என்று ஒன்று இருக்கும். எந்த வேலை முதலில் நடக்கவேண்டும், எது காத்திருக்கவேண்டும் என்று வரிசை விடுவது அதுதான். ஊரில் எல்லாரும் யாரோ தயாரித்ததை அப்படியே போட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். ஆர்வி மாதிரி ஆட்களால் அது முடியாது. மூல நிரலை இறக்கி, இது வேண்டும், இது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் மெஷினுக்கென்றே கம்பைல் செய்து, ஓடுகிற நிரலாக மாற்றிக்கொள்வார்கள். அவன் பிரிண்டருக்கான பகுதியைத் தூக்கினான், கேமராவுக்கானதைத் தூக்கினான், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சமாசாரங்களை எல்லாம் தூக்கினான். ஹில்லாவின் குரல் வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி நிற்கவேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

நான் வந்த பிறகு போட்ட முதல் கர்னலிலேயே அது நடந்தது. ஹில்லா ஒரு பழைய தாலாட்டை எடுத்தாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பாடி முடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம்.

"இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்" என்றான் ஆர்வி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போதும்டா! அதான் நல்லாப் பாடுறாளே!"

"இன்னும் குறையும், சென்யா. எண்ணைப் பாரேன், எப்படி இறங்குதுன்னு!"

அவன் ஹெட்போனைத் தொடுவதே இல்லை. குரல் எவ்வளவு பிந்துகிறது என்று திரையில் ஒரு எண் வரும், அவனுக்கு அதுதான் சங்கீதம். திரும்ப எதையோ வெட்டினான், திரும்பக் கம்பைல் ஓடியது. கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தது. சூடான தூசியின் வாசனை அறை முழுக்கப் பரவியது. ஜன்னல் கண்ணாடியில் எங்கள் மூன்று முகங்களும் தெரிந்தன, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

புதிய கர்னல் எழுந்தது. ஹில்லா மைக் முன்னால் ஒரு வரி பாடிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள்.

"எண் மைனஸ் காட்டுதேடா" என்றேன்.

"ரெண்டு கடிகாரம் ஒத்துப்போகலைன்னா அப்படித்தான் காட்டும். பெரிய விஷயமில்ல."

"இல்லப்பா, அவ பாடுறதுக்கு முன்னாடியே காதுல விழுதோ என்னவோ!"

நான் கிண்டலுக்குத்தான் சொன்னேன். ஹில்லா சிரிக்கவில்லை.

"ஆமா. அப்படித்தான் விழுது" என்றாள்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். "ஏதாவது ஒரு வார்த்தை சொல்லு. உனக்குத் தோணுறதைச் சொல்லு."

அவள் யோசித்தாள். உதடு மூடியிருந்தது.

"கத்திரிக்கோல்."

ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது, ஹில்லாவின் குரல். அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தது.

"கத்திரிக்கோல்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது.

"சென்யா, நான் பனின்னு சொல்லத்தான் நினைச்சேன்" என்று முணுமுணுத்தாள்.

"நினைச்சது மாறியிருக்கும்" என்றான் ஆர்வி. "கடிகாரத்தைச் சரிபண்ணிட்டா..."

"நீ சும்மா இருடா! ஹில்லா, வாயை மூடிக்கோ. ஒண்ணும் சொல்லாதே."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஹெட்போனை அழுத்திப் பிடித்தேன். அடுப்பில் கட்டை வெடிக்கும் சத்தம். விசிறி. அப்புறம் யாரோ மைக்குக்கு மிகப் பக்கத்தில் மூச்சு விட்டார்கள்.

"கையை எடு."

அதே குரல்தான். கோபம் இல்லை, அவசரமும் இல்லை.

ஹில்லாவின் கண்கள் விரிந்தன. அவள் விரல்கள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து விலகின, அவள் அழுத்த அழுத்த விலகின. விரல் முட்டியெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"கையை எடு" என்றாள் ஹில்லா.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தேன். "ஆர்வி, நிறுத்துடா! நிறுத்து!"

"எண் இன்னும் இறங்குதே..." என்றவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடினான். இந்த ஆட்கள் எவ்வளவு புதிது போட்டாலும் ஓடுகிற பழைய கர்னல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்து மெஷினைத் திரும்ப எழுப்பினான். மைனஸ் போய்விட்டது. எனக்கு அதுவும் போதவில்லை. சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினேன்.

விசிறி நின்றது. வீடு அமைதியானது.

ஹில்லா தலையிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இனி இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆர்வி எங்களுக்கு முதுகைக் காட்டிக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்குக் காபி?"

அறைக்குள்தான் கேட்டது. ஹில்லாவின் குரல், உற்சாகமாக.

"எனக்கு ஒண்ணு" என்றான் ஆர்வி, திரும்பாமல்.

ஹில்லாவின் வாய் மூடியே இருந்தது.

பிறகு உதடுகள் அசைந்தன. யாருக்குக் காபி. சத்தமே வரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் வழிந்தது.

கடவுளே, என்று நினைத்தேன். அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, "கோட்டை எடு. என்கூட வா. இப்பவே" என்றேன். உதட்டைப் படித்தாள். சரியென்று வேகமாகத் தலையாட்டினாள். வாசல் நடைக்கு இழுத்துக்கொண்டு போனேன், பூட்ஸை எடுத்து அவள் காலடியில் வைத்தேன்.

"நான் எங்கயும் வரலை சென்யா. எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு."

அவள் வாய் திறக்கவே இல்லை. கையிலிருந்த கோட் நழுவி விழுந்தது. ஒரு கை மட்டும் என் சட்டையை விடவில்லை.

"அவதான் வரலைங்கறாளே, ஏன் இழுக்கறே?" என்று ஆர்வி வந்து நின்றான்.

"அவ வாயைப் பாருடா, முட்டாள்!"

பார்த்தான். அதற்குள் அவள் உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன.

"வாய்ல என்ன?" என்றான்.

இவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை. ஹில்லாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். உன்னை விட்டுட்டு நான் போகமாட்டேன். அதைத்தான் சொல்லப்போனேன். மூச்சை இழுத்தேன்.

"சரி, அப்ப நான் கிளம்பறேன்."

என் குரல். என் காதுக்குப் பின்னால்.

வாயை இறுக மூடினேன். பல்லைக் கடித்தேன். நாக்கில் ரத்தம் கசிந்தது.

ஹில்லாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பற்கள் தானாகப் பிரிந்தன. உதடுகள் அதே வார்த்தைகளுக்கு அசைந்தன, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக.

ஹில்லா அதைப் படித்தாள். என் சட்டைக் கையை விட்டுவிட்டாள்.